அளவு ஜாக்கெட்டுக்கு வந்த சுங்க வரி

2023 ஆடி மாசம். ஆர்டர் குறைவான மாசம் என்பதால் மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தேன். வாசலில் தபால்காரர் குரல். கையில் ஒரு சின்ன பார்சல், அதன் மேல் ஒரு சீட்டு.

“அக்கா, அமெரிக்காலேருந்து பார்சல். ஆனா பணம் கட்டி வாங்கணும்.”

“எவ்ளோ தம்பி?”

“ரெண்டாயிரத்து ஐந்நூத்தம்பது.”

பார்சலுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய அளவு ஜாக்கெட். அஞ்சாறு வருசம் போட்டுத் துவைத்து, அக்குளில் சாயம் வெளுத்த பழைய ஜாக்கெட். அதைப் பார்த்து அளவெடுத்துப் புதுசு தைக்க வேண்டும். கடையில் கொண்டு போய் விற்றால் பத்து ரூபாய்க்கும் போகாது. அதற்கு 2,550 ரூபாய் வரி.

கட்டினேன். கல்யாண ஆர்டர், வேறு வழியில்லை. தபால்காரர் மேல் எந்தத் தப்பும் இல்லை. வெயிலில் வந்து, என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே சங்கடப்பட்டார். அன்றிலிருந்துதான் இந்தச் சுங்க வரி விஷயத்தை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஆரி ஊசி பிடிக்கிற கைக்கு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களை நம்பிப் பிழைக்கிற யாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 2,550 எப்படி வந்தது என்று பார்ப்போம். அனுப்பியவர் நேர்மையானவர். சுங்கப் படிவத்தில் பொருளின் மதிப்பு என்ற இடத்தில், அந்த ஜாக்கெட்டை முன்பு தைக்கக் கொடுத்த கூலியை நினைவு வைத்து 40 டாலர் என்று எழுதிவிட்டார். அன்றைய கணக்கில் அது 3,300 ரூபாய். சொந்த உபயோகத்துக்கென்று தபாலிலோ விமானத்திலோ வருகிற பொருளுக்கு அப்போது அடிப்படைச் சுங்க வரி 35 சதவீதம். 3,300-க்கு 1,155 ரூபாய். அந்த வரித் தொகையின் மேல் பத்து சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, 115 ரூபாய் 50 பைசா. இந்த மூன்றையும் கூட்டி வருகிற 4,570 ரூபாய் 50 பைசாவின் மேல் 28 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. அது 1,280 ரூபாய்க்கு இருபத்தாறு பைசா குறைவு. எல்லா வரியையும் கூட்டினால் 2,550. மொத்தத்தில் 77.28 சதவீதம்.

இதில் கவனிக்க வேண்டியது, வரிக்கும் வரி உண்டு என்பது. ஜி.எஸ்.டி. போடுவது பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, சுங்க வரியையும் சேர்த்த தொகைக்கு. 35-ஐயும் 28-ஐயும் கூட்டி 63 என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள் வாசலில் நிற்கும்போது திகைப்பது இதனால்தான்.

இப்போது அந்த நிலை கொஞ்சம் மாறியிருக்கிறது. அடிப்படை வரி 20-க்கு இறங்கி, 2026 பட்ஜெட்டில் 10 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார்கள். நான் மனசாரச் சந்தோஷப்பட்டேன்.

“கிஃப்ட்னு எழுதியிருந்தா வரி இல்லாம வந்திருக்குமே” என்று, நான் அந்த 2,550 கட்டியபோது பலர் சொன்னார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. 5,000 ரூபாய் வரை மதிப்புள்ள அன்பளிப்புக்கு வரி கிடையாது. அந்தச் சலுகையை வைத்துக்கொண்டு சில வெளிநாட்டு ஆன்லைன் கடைகள், விற்ற சரக்கையெல்லாம் அன்பளிப்பு என்று எழுதி லட்சக்கணக்கில் இந்தியாவுக்குள் அனுப்பின. 2019 டிசம்பர் 12-ஆம் தேதி வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் அந்த வழியை அடைத்தது. அன்பளிப்பு என்ற பெயரில் தபாலிலோ கூரியரிலோ இறக்குமதி செய்யத் தடை. விலக்கு இரண்டுக்குத்தான்: உயிர் காக்கும் மருந்து, ராக்கி. ராக்கியோடு சேர்த்து அனுப்பும் பரிசுப் பொருளுக்குக்கூட விலக்கு இல்லை.

ஏமாற்றியது பெரிய கடைகள். அடி விழுந்தது, சிங்கப்பூரிலிருந்து அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்புகிற பிள்ளைக்கு. தீபாவளிக்கு அண்ணன் அனுப்பும் ஒரு சேலைக்கு ஏன் அந்த விலக்கு இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிற கேள்வி. ராக்கி கட்டுகிறவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கூடப்பிறந்தவர்களின் பாசத்துக்கு ஒரு கதவு திறந்து வைக்கலாம் என்று முடிவு செய்தால், அது எல்லா ஊர்ப் பாசத்துக்கும் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி என் தொழில் பக்கம் வருகிறேன். உள்ளே வருகிற வரியைவிட வெளியே போகிற வரிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டுப் பக்கம் எங்கள் வீடு. மாடியில் மூன்று ஃப்ரேம் போட்டிருக்கிறேன். என்னோடு இரண்டு பெண்கள் ஆரி வேலை செய்கிறார்கள். சமிக்கி, குந்தன், ஜர்தோசி எல்லாம் வாங்கி வைத்து, சேலையின் போட்டோவை வாட்ஸப்பில் பார்த்து, டிசைன் வரைந்து அனுப்பி, ஒப்புதல் வாங்கித் தைப்போம். சேலை பெரும்பாலும் ஆரணிப் பட்டு. சேத்துப்பட்டு வழியாக பஸ் ஏறினால் ஆரணி பக்கம்தானே. ஜாக்கெட் துணியை மட்டும் இங்கே கொடுத்துவிட்டு ஊருக்குப் பறப்பவர்கள் இருக்கிறார்கள். கோட்டை பார்க்க வந்த இடத்தில் அளவு கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. 2025 ஜூலை 11-ஆம் தேதி மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பிடித்தது எங்கள் செஞ்சி ஒன்றுதான். அதற்குப் பிறகு கூட்டம் கூடியிருக்கிறது, எனக்கும் ஒன்றிரண்டு ஆர்டர் கூடுதல்.

அந்த ஜூலையில் எனக்கு இன்னொரு சந்தோஷமும் இருந்தது. நியூ ஜெர்சியில் எடிசன் ஊரில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு மூன்று ஜாக்கெட், மொத்தம் 24,000 ரூபாய்க்கு ஆர்டர். கல்யாணம் செப்டம்பர் இரண்டாம் வாரம். அதுவரை அமெரிக்காவுக்கு அனுப்புவது எனக்கு மிகச் சுலபமான காரியம். 800 டாலருக்கு உட்பட்ட பார்சலுக்கு அங்கே சுங்க வரி கிடையாது. நியூ ஜெர்சியில் உடுப்புக்கு விற்பனை வரியும் கிடையாது. இந்த விற்பனை வரி அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 2018-இல் தெற்கு டகோட்டா மாநிலம் வேஃபேர் நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில், தன் மண்ணில் கடையே இல்லாத ஆன்லைன் வியாபாரியிடமும் மாநிலம் வரி கேட்கலாம் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அதற்கு ஒரு விற்பனை வரம்பு உண்டு, என் போன்ற சின்ன ஆள் அதை எட்ட மாட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை, கடைசி ஜாக்கெட்டின் முதுகில் மயில் முடிந்தது. இஸ்திரி போட்டு, டிஷ்யூ காகிதத்தில் மடித்து வைத்தோம். 25, திங்கட்கிழமை காலை அஞ்சலகத்துக்குப் போனேன். அமெரிக்காவுக்குச் சரக்குப் பார்சல் எடுப்பதை அன்று முதல் நிறுத்தியிருப்பதாகக் கவுண்ட்டரில் சொன்னார்கள். அந்த 800 டாலர் சலுகையை ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுக்கும் அமெரிக்கா எடுத்துவிட்டது. அந்த வரியை யார், எப்படி வசூலிப்பது என்று தெளிவாகாமல் விமான நிறுவனங்கள் பார்சல் ஏற்ற மறுத்தன. இந்தியா மட்டும் இல்லை, எத்தனையோ நாட்டு அஞ்சல் துறைகள் அந்த வாரம் நிறுத்தின. நம் சரக்கு மேல் அமெரிக்கா ஏற்கனவே போட்டிருந்த 25 சதவீத வரியோடு இன்னொரு 25 சேர்ந்து 50 சதவீதம் ஆனதும் அதே வாரம்தான், ஆகஸ்ட் 27.

கடிதத்தையும், 100 டாலர் வரையிலான அன்பளிப்பையும் மட்டும் அப்போது எடுத்தார்கள். சில நாளில் அதையும் நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் பெண்ணின் அம்மா போனில் சொன்னார்: “மூணா பிரிச்சு, ஒவ்வொண்ணையும் கிஃப்ட்னு எழுதி அனுப்பிடுங்களேன்.” காசு வாங்கித் தைத்த பொருளை அன்பளிப்பு என்று கையெழுத்துப் போட்டு எழுத என்னால் முடியாது என்றேன். நாம் எழுதுகிற பொய்யால்தான் நமக்குப் பிறகு அனுப்புகிற ஒருவருக்குக் கதவு மூடுகிறது. 2019-இல் நடந்ததும் அதுதானே. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பக்கம் ஒரு நிமிடம் பேச்சில்லை.

தனியார் கூரியரில் விசாரித்தேன். அனுப்பலாம், வரி எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது, வாங்குகிறவர் அங்கே கட்ட வேண்டும் என்றார்கள். அடிப்படைச் சுங்கம், அதன் மேல் இந்த 50, அதன் மேல் கூரியரின் சேவைக் கட்டணம். கல்யாண வீட்டு வாசலில் இப்படி ஒரு சீட்டை நீட்டச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. என் வீட்டு வாசலில் நான் நின்ற நிலை நினைவிருந்தது.

கடைசியில் பெண்ணின் சித்தி, அங்கேயே குடியிருப்பவர், திருவண்ணாமலைக்குச் சாமி கும்பிட வந்திருந்தார். அவர் கையில் கொடுத்தேன். அமெரிக்காவில் குடியிருப்பவர் வெளிநாடு போய்த் திரும்பும்போது கூடவே எடுத்துவரும் பொருளுக்கு 800 டாலர் வரை தனியாக ஒரு சலுகை இருக்கிறது. நின்றுபோனது பார்சலுக்கான சலுகை, இது பயணிக்கானது. படிவத்தில் எழுதிக் காட்டிக் கொண்டுபோனார். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு ஜாக்கெட் போய்ச் சேர்ந்தது. போட்டோ வந்தபோது ஃப்ரேமில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் எழுந்து நின்று பார்த்தோம்.

அக்டோபர் 15-ஆம் தேதி இந்திய அஞ்சல் துறை அமெரிக்கச் சேவையைத் திரும்பத் தொடங்கியது. தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. அன்று கொண்டுவந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. எழுதிய மதிப்பில் 50 சதவீதத்தை அனுப்புகிறவரே கவுண்ட்டரில் கட்டிவிட வேண்டும், அதற்கு மேல் அங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். 8,000 ரூபாய் ஜாக்கெட்டுக்கு 4,000. தொகை பெரிது, வயிற்றெரிச்சல்தான். ஆர்டர் பாதியாகக் குறைந்தது. ஆனால் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்தது. வாடிக்கையாளரிடம் சொல்ல முடிந்தது. வேண்டும், வேண்டாம் என்று அவரும் சொல்ல முடிந்தது. (இந்த விகிதங்கள் மாதத்துக்கு மாதம் மாறுகிற காலம் இது. அன்று நடந்ததைச் சொல்கிறேன். அனுப்பும் அன்று கவுண்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

என் ஆதங்கமே இதில்தான் இருக்கிறது. வரி வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே தைத்து இங்கேயே விற்கிறவர் ஜி.எஸ்.டி. கட்டும்போது, கடல் தாண்டி வருகிற அதே பொருள் சும்மா வரக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் வாங்க முடிவெடுக்கும் நிமிடத்திலேயே அந்தத் தொகையைச் சொல்லிவிட வேண்டும். பணம் கட்டி, நாள் எண்ணிக் காத்திருந்து, பார்சல் வாசலுக்கு வந்த பிறகு சொல்வது சரியில்லை.

பல நாடுகள் இதைச் செய்யப் பார்த்திருக்கின்றன. ஆஸ்திரேலியா 2018 ஜூலை முதல் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையுள்ள பொருளுக்கு, பெரிய விற்பனையாளர்கள் விற்கும்போதே 10 சதவீதம் ஜி.எஸ்.டி. வசூலித்துக் கட்ட வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கை 2021 ஜூலையில் எடுத்தபோது, விற்கும் இடத்திலேயே வரி வாங்கி ஒரே இடத்தில் கட்ட வழி செய்தது. சிங்கப்பூர் 2023 ஜனவரியில் 400 சிங்கப்பூர் டாலருக்கு உட்பட்ட பொருளுக்கும் அப்படி ஆரம்பித்தது. அங்கே இப்போது ஜி.எஸ்.டி. 9 சதவீதம். ஆனால் இதற்காக அங்கே பதிய வேண்டியது பெரிய கடைகள்தான். என்னைப் போல ஒரு மாடியிலிருந்து அனுப்புகிறவருக்கு 400 டாலருக்குள் வரி விழாது. அதனால் என் சிங்கப்பூர் வாடிக்கையாளர்களுக்குக் கவலையில்லை. பிரிட்டன்தான் எனக்குச் சிக்கல். 135 பவுண்டு வரை விற்பவரே அங்கே பதிந்து 20 சதவீதம் வாட் கட்ட வேண்டும் என்கிறது சட்டம். ஒரு வருசத்தில் மூன்று ஜாக்கெட் லண்டனுக்கு அனுப்புகிறவர் அங்கே எப்படிப் பதிவது? அந்த ஆர்டரை எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

கனடா விஷயத்தில் ஒருவர் மனசை நான் நோகடித்திருக்கிறேன். டொரோண்டோவில் இருக்கும் ஓர் இலங்கைத் தமிழ் அம்மா. மகளின் சாமத்தியச் சடங்குக்குத் தைத்து அனுப்பினேன். கனடாவில் 20 கனடிய டாலருக்கு மேல் போனாலே வரி என்று எனக்கு அப்போது தெரியாது. சுங்கம், ஒன்டாரியோவின் 13 சதவீத விற்பனை வரி, தபால் கையாளும் கட்டணம் 9.95 டாலர் என்று எல்லாம் அவர் தலையில் விழுந்தது. “முதலே சொல்லியிருந்தா நான் காசை எடுத்து வச்சிருப்பன் அக்கா” என்றார். சண்டை போடவில்லை. அதனாலேயே அந்த வார்த்தை ரொம்ப நாள் கூடவே இருந்தது.

முன்கூட்டியே சொல்லாததில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. மகன் வெளிநாட்டில். ஒருநாள் போன்: உங்கள் மகன் அனுப்பிய பார்சல் சுங்கத்தில் மாட்டியிருக்கிறது, உள்ளே தங்கம் இருக்கிறது, இப்போதே பணம் கட்டாவிட்டால் வழக்கு. பெரியம்மா பயந்துபோய் 6,000 ரூபாய் அனுப்பிவிட்டார். அடுத்து 30,000 கேட்டபோதுதான், பார்சல் விஷயம் தெரிந்தவள் என்று என்னிடம் ஓடிவந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பார்சல் நம்பர் குடுத்தாங்களா பெரியம்மா?” இல்லை. உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்தோம். வங்கிக்குச் சொல்லிக் கணக்கைப் பூட்டினோம். மிச்சப் பணம் தப்பியது, அந்த 6,000 திரும்பவில்லை. சுங்க அதிகாரி யாரும் போனில் கூப்பிட்டுத் தனியார் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்ல மாட்டார். தபாலில் வரும் பார்சலுக்கு வரி என்றால் சீட்டோடு தபால்காரரிடம் அல்லது அஞ்சலகத்தில் கட்டுவோம், ரசீது தருவார்கள். சுங்கத் துறையிலிருந்து வரும் கடிதத்தில் டின் என்று ஓர் ஆவண எண் இருக்கும். 2019 நவம்பரிலிருந்து அந்த நடைமுறை. அந்த எண்ணை மறைமுக வரி வாரியத்தின் இணையதளத்தில் போட்டு, கடிதம் நிஜமா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெரியம்மாவுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. வெளிநாட்டுப் பார்சல் என்றால் எந்நேரமும் எவ்வளவும் கேட்பார்கள் என்பது மட்டும் தெரியும். என் 2,550 கதையை அவருக்குச் சொன்னதே நான்தான். திருடன் அந்தப் பயத்தின் வழியாகத்தான் உள்ளே வந்தான்.

சுங்கம் நமக்குப் புதுசா என்ன? பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சரக்குக்குப் புலி முத்திரை குத்தும் அதிகாரிகள் வருகிறார்கள். உல்கு என்று அதற்கு ஒரு பழந்தமிழ்ச் சொல்லே இருக்கிறது. சுங்கம் தவிர்த்த சோழன் என்று முதலாம் குலோத்துங்கனுக்குப் பட்டம் கொடுத்து நினைவில் வைத்திருக்கிறோம். செஞ்சிக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1608-இல் டச்சுக்காரர்கள் கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினத்தில் இறங்க அனுமதி வாங்கியது செஞ்சி நாயக்கரிடம். அவர்கள் தேடி வந்தது இந்தக் கரையின் துணியை. அந்தத் துணியின் மோகம் தாங்காமல் இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் இந்திய அச்சுத் துணிக்குத் தடைச் சட்டம் போட்டது. அஞ்சலகத்திலிருந்து பார்சலைத் திருப்பி எடுத்துவந்த அன்று, செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையைப் பார்த்தபடி நடந்து வரும்போது, அந்தத் தடையால் தறி நின்றுபோன வீடுகளைப் பற்றி நினைத்துக்கொண்டே வந்தேன்.

இப்போது நான் செய்கிற சில காரியங்கள், என்னைப் போலத் தைத்து அனுப்புகிற பெண்களுக்காக. ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐ.இ.சி. எண் எடுத்துவிட்டேன், கட்டணம் 500 ரூபாய்தான், ஆன்லைனிலேயே கிடைக்கும். ஜி.எஸ்.டி. பதிவும், வருசா வருசம் புதுப்பிக்கும் எல்.யூ.டி. உறுதிமொழியும் இருந்தால் ஏற்றுமதிக்கு இங்கே வரி கட்டாமல் அனுப்பலாம். அஞ்சல் துறை நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் தாக் கர் நிர்யாத் கேந்திரா என்று ஏற்றுமதி மையங்கள் திறந்திருக்கிறது. பில் போடுவது, படிவம் நிரப்புவது எல்லாவற்றுக்கும் உதவுவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். படிவத்தில் ‘துணி’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘பெண்கள் பட்டு ஜாக்கெட், கைவேலை’ என்று விவரமாக எழுதி, 6206 என்று தொடங்கும் சரக்குக் குறியீட்டையும் போடுங்கள்.

அளவு ஜாக்கெட்டைத் தபாலில் வாங்குவதை நிறுத்திவிட்டேன். வீடியோ காலில் டேப் பிடிக்கச் சொல்லித் தருகிறேன். தோள், மார்புச் சுற்று, கை இறக்கம், முன் கழுத்து, பின் கழுத்து என்று ஒவ்வொன்றாக. முக்கால் மணி நேரம் ஆகிறது, ஆகட்டும். ஒவ்வொரு ஆர்டருக்கும் முன்பணம் வாங்கும் முன் மூன்று வரி அனுப்புகிறேன்: ஜாக்கெட் விலை இவ்வளவு, தபால் செலவு இவ்வளவு, உங்கள் ஊரில் கேட்கப்போகும் வரி ஏறத்தாழ இவ்வளவு. மூன்றாவது வரியைப் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் போனவர்கள் உண்டு. டொரோண்டோ அம்மா திரும்ப வந்தார். இந்த முறை அவருடைய தங்கைக்கு.

அந்தப் பழைய ஜாக்கெட் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பட்டுமா என்று அந்த நியூ ஜெர்சி வாடிக்கையாளரிடம் கேட்டேன். “வேணாம்க்கா, அங்கேயே இருக்கட்டும், அடுத்த தடவ ஊருக்கு வரும்போது எடுத்துக்கறேன்” என்றார். கழுத்துப் பட்டியில் அவர் பெயர் எழுதிய துண்டுச் சீட்டைக் குண்டூசியால் குத்தியிருக்கிறேன். அதோடு 2,550 ரூபாய் ரசீதையும்.